பதினோரு மணி லிஸ்ட்

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சும்மா ஒரு தட்டு, அவ்வளவுதான். மாடலின் பெயர்மேல் மவுஸை வைத்து வலது பக்கம் அமுக்கினால் ஒரு பட்டியல் விரியும், அதில் மூன்றாவதாக 'டூப்ளிகேட்' என்று இருக்கும், அதைத் தமயந்தி தட்டியபோது மணி பத்து எட்டு, அதிலிருந்து இந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்பேனா என்கிறது. ஆறு வருஷத்துத் தகவலையெல்லாம் ஒன்றாய்க் கோர்த்து வைத்த மாடல் என்றால் சும்மாவா. மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலுமாகப் பதினெட்டாயிரம் பேர் அதற்குள்ளே இருக்கிறார்கள், யார் எந்த குரூப், யார் கடைசியாக என்றைக்கு ரத்தம் கொடுத்தார், யாருக்கு எந்த நம்பரில் போன் போட வேண்டும் என்று, அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் அப்படியே இறக்கி வை என்றால் கம்ப்யூட்டருக்கும் மூச்சு வாங்கத்தானே செய்யும். கீழே கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் கத்தவிட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது மாடியில் இந்த ரத்த வங்கி, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தமயந்தியின் மேஜை, அந்தப் பக்கம் போன் பேசுகிற பெண்கள் நாலு பேர், அவர்களுக்குத் தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு லிஸ்ட் போகும், இன்றைக்கு யார் யாரைக் கூப்பிட்டு 'ரத்தம் கொடுக்க வருவீங்களா' என்று கேட்க வேண்டும் என்று. மாடல்தான் அந்த லிஸ்டைப் போடுகிறது. பதினோரு மணி அடித்தால் அது தானாகப் போய்விடும், பிரம்மா நினைத்தாலும் நிறுத்த முடியாது. அதனால் அதற்கு முன்னால் நகலை எடுத்து முடித்துவிட வேண்டும், அசலில் ஒரு தூசிகூடப் படக்கூடாது. அடுத்த திங்கட்கிழமை தேனியில் கிளை திறக்கிறார்கள், அவர்களுக்கும் இதேபோல ஒரு மாடல் வேண்டுமாம். டாக்டர் பரஞ்சோதி காலையில் வந்து மேஜையைத் தட்டிவிட்டுப் போனார். "புதுசா ஒண்ணும் பண்ண வேண்டாம் தமயந்திம்மா, இருக்கறத அப்படியே ஒரு காப்பி எடுத்து, மதுரை பேரெல்லாம் எடுத்துட்டு, பழசு கிழசு குப்பையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுக் குடுத்துடுங்க, அரை மணி நேர வேலை." அவருக்கு எல்லாமே அரை மணி நேர வேலைதான்.

இருக்கிறதை அப்படியே. இருக்கிறதைச் செய்தது யார் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. சுகிர்தா செய்தது. சித்திரையில் வீட்டுக்காரருக்கு ராஞ்சிக்கு மாற்றலாகி மூட்டை கட்டிக்கொண்டு போன சுகிர்தா, ஆறு வருஷமாய் இதே நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுகிர்தா, கடைசி ஆறு மாதமாய்த் தமயந்தி முகம் கொடுத்துப் பேசாத சுகிர்தா. அவள் பெயரை நினைக்கும்போதே கடைவாயில் ஏதோ கசந்தது. சரி போகட்டும், வட்டம் சுற்றுகிற வரைக்கும் என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று திரையில் பக்கத்து ஜன்னலில் அசல் மாடலைத் திறந்து படத்தை விரித்தாள். கட்டம் கட்டமாய் டேபிள்கள் என்கிற தகவல் பட்டியல்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடுகள், நாலு குடித்தனம் இருக்கிற வீட்டு மொட்டைமாடியில் துணிக்கொடி கட்டினாற்போல் குறுக்கும் நெடுக்கும். ஆனால் ஒரு கொடிகூட இன்னொன்றோடு சிக்கவில்லை. தமயந்தியும் ஒன்பது வருஷமாய் இந்த வேலைதான் பார்க்கிறாள், அவள் செய்த மாடல்களைப் படம் விரித்தால் அவளுக்கே தலை சுற்றும், எந்தக் கோடு எங்கே போகிறது என்று பென்சிலை வைத்துக்கொண்டு தேட வேண்டும். இது அப்படியில்லை. ரத்தம் கொடுப்பவர்கள் இந்தப் பக்கம், கேட்பவர்கள் அந்தப் பக்கம், நடுவில் நாட்கள். ஆணுக்குத் தொண்ணூறு நாள், பெண்ணுக்கு நூற்றிருபது நாள் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம் என்கிற கணக்கை எல்லோரும் ஒரு முழ நீளத்துக்கு ஃபார்முலாவாக எழுதுவார்கள், சுகிர்தா இரண்டே வரியில் ஒரு குட்டி டேபிள் போட்டு ஒரே ஒரு கோட்டை இழுத்து முடித்துவிட்டிருந்தாள். ஆமாம், இவ்வளவுதானே, இதற்குப் போய் நாம் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். அடி பிசாசே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் தமயந்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மாரீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

மாரீஸ்வரிதான் அந்த நாலு பேரில் மூத்தவள், குரல் அவளுக்கு அப்படி ஒரு குரல், போனில் அவள் கேட்டு இல்லை என்று சொன்னவர்கள் குறைவு. தமயந்தி ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு மறுபடி படத்துக்குள் போனாள். ஊர் டேபிளைத் திறந்தாள். திருமங்கலத்திலிருந்து இங்கே வர எத்தனை நிமிஷம், மேலூரிலிருந்து எத்தனை நிமிஷம், அதுவும் காலையில் எத்தனை, சாயங்காலம் எத்தனை என்று சுகிர்தா கையால் அடித்து வைத்திருந்தாள், எந்த வெப்சைட்டிலும் எடுத்ததில்லை, ஒவ்வொரு ஆளையும் கேட்டுக் கேட்டு எழுதியது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டேபிள், தலைப்பு 'ஆறு'. இது என்ன ஆறு என்று பார்த்தால் வைகை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாலு நாளும் பாலத்துக்குத் தெற்கே இருக்கிற யாரையும் கூப்பிடாதே, வடக்கே இருப்பவர்களை மட்டும் கூப்பிடு, கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள் என்று. வருஷா வருஷம் தேதி மாறுமே, பத்து வருஷத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி போட்டு வைத்திருக்கிறாள். சர்ச்சுக்குப் போகிறவள், யாரிடம் போய்ப் பஞ்சாங்கம் வாங்கினாளோ. போன சித்திரையில் அந்த நாலு நாளும் ஒரு ஆள்கூட வழியில் மாட்டவில்லை என்று டாக்டர் எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. மாடல் பார்த்துக்கொண்டது என்று யாரும் சொல்லவில்லை. கேசரியை எல்லோரும் தின்றோம், முந்திரியைப் பொறுக்கித் தின்றோம், சுகிர்தாவும் எதிரில்தான் உட்கார்ந்து தின்றாள், ஒரு வார்த்தை சொன்னாளா நான்தான் செய்தேன் என்று. அப்படி வாயைத் திறக்காமல் இருக்கிறவர்களைப் பார்த்தால் ஆத்திரமாய்த்தான் வருகிறது.

வட்டம் பாதி கடந்து சுற்றிக்கொண்டிருந்தது. நகல் எடுப்பதென்றால் தமயந்திக்கு எப்போதும் அந்த ஸ்கேன் சென்டர்காரன் சொன்னதுதான் வந்து நிற்கும், வேண்டாம் வேண்டாம் என்றாலும் வரும். வர்ற புரட்டாசி வந்தால் இரண்டு வருஷம். வழவழவென்று ஒரு தாளில் கறுப்பும் வெள்ளையுமாய்ப் படம் அடித்துக் கொடுத்துவிட்டு, "சீக்கிரமா ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க மேடம், இந்தப் பேப்பர் மங்கிப் போயிரும்" என்றான். எடுக்கலாம் என்றுதான் கைப்பையில் வைத்திருந்தாள், கீழே கடையிலேயே ஜெராக்ஸ் மிஷின் இருந்தது, மூன்று நிமிஷம் ஆகியிருக்குமா, நாளைக்கு எடுத்தால் போகிறது என்று இருந்துவிட்டாள். பதினோரு நாள் கழித்து வயிற்றில் குழந்தையின் துடிப்பு நின்றுபோயிற்று. ஐந்து மாதம் முடிந்து ஆறு தொடங்கியிருந்தது. ஆபீஸில் யாருக்கும் தெரியாது, அவளுடைய சேலைக்கட்டில் ஒன்றும் தெரியவில்லை, மூன்று தடவை முன்னால் தங்காமல் போனதால் இந்த முறை ஏழு மாதம் ஆகட்டும் சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள், அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. டைஃபாய்டு என்று லீவு எழுதிக் கொடுத்தாள், பன்னிரண்டு நாள். அந்தப் படம் இப்போது பீரோவில் புடவைக்கடியில் இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள், ஓரத்தில் மட்டும் அவள் பெயர் கொஞ்சம் தெரியும். டூப்ளிகேட். ஒரு தட்டு தட்டினால் போதும் என்கிற இந்தக் காலத்தில் மூன்று நிமிஷம் சோம்பல்பட்டாயே, பாவி.

பதின்மூன்றாம் நாள் வேலைக்கு வந்தாள். வந்த அன்றைக்கே, பன்னிரண்டு மணி இருக்கும், உட்கார்ந்திருந்தவளுக்கு மார்பு கல்லாய் இறுகி வலித்து, குனிந்து பார்த்தால் ரவிக்கை நனைந்திருந்தது. குடிக்க ஆளில்லாத பால். அதற்குத் தெரியுமா ஆள் இல்லையென்று. பாத்ரூமுக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றபோது கதவைத் தள்ளிக்கொண்டு சுகிர்தா வந்தாள், பார்த்தாளா பார்க்கவில்லையா என்றே தெரியவில்லை, தோளில் போட்டிருந்த சால்வையை எடுத்து இவள்மேல் போர்த்தினாள், "ஏசி ஜாஸ்தியா வச்சிருக்கானுங்க, போத்திக்க" என்றாள், போய்விட்டாள். அந்தச் சால்வையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தபோதுகூட ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டேன் என்று நினைத்திருப்பாள் என்று தமயந்தி அப்போது நிம்மதியாகத்தான் இருந்தாள். கோபம் வந்தது அப்புறம். தமயந்திக்கு பி நெகட்டிவ். லேசில் கிடைக்காத ரத்தம், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு, கர்ப்பமாவதற்கு முன்னால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது லிஸ்டில் அவள் பெயர் வரும், மாரீஸ்வரி கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுவாள், நாற்காலியிலிருந்து எழுந்து இருபதடி நடந்து கட்டிலில் படுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி டைப் அடிப்பாள். குழந்தை போனபின் ஆறு மாதம் கொடுக்கக்கூடாது, அது அவளுக்கும் தெரியும். ஆறு மாதம் போயிற்று. எட்டு மாதம் போயிற்று. ஒரு வருஷம். லிஸ்டில் பெயர் வரவே இல்லை. ஒருநாள் பி நெகட்டிவ் வேண்டும் என்று ஆலாய்ப் பறந்தார்கள், சிவகாசி வரைக்கும் போன் போட்டார்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி உடம்பு நிறைய அதே ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லிஸ்டில் இல்லாதவரைக் கேட்கக்கூடாது என்பது சுகிர்தா போட்ட சட்டம், யாராய் இருந்தாலும். நானே போய்ப் படுக்க வேண்டியதுதானே என்றால் அதுதான் முடியவில்லை, கால் எழவில்லை. ஏனென்றால் அதற்குள் மனசுக்குள் ஒன்று முளைத்திருந்தது. பிள்ளையைத் தாங்காத ரத்தம். பிரசவம் பார்க்கிற டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னாள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நெகட்டிவ்காரர்களுக்குப் போட வேண்டிய ஊசியெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறது என்று, மண்டை கேட்டுக்கொண்டது, மனசு கேட்கவில்லை. அப்போதுதான் தோன்றியது, சுகிர்தாவுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் என் பெயரை எடுத்திருக்கிறாள், ஆகாத ரத்தம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். கேட்டுவிடலாம். கேட்டால் அழுதுவிடுவோம். அதனால் பேசுவதையே விட்டுவிட்டாள். போகிற அன்றைக்குக்கூட, எல்லோரும் கேக்கை வெட்டி முடித்தபின், சுகிர்தா இவள் மேஜைக்கு வந்து நின்று, "ஏதாச்சும் சொல்லணுமா தமயந்தி?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றாள் இவள், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே.

டிங் என்றது. வட்டம் நின்றுவிட்டது, நகல் தயார், மணி பத்து இருபத்தெட்டு. புதிய ஜன்னலில் நகல் திறந்துகொண்டது. நகல் எடுத்ததும் முதல் வேலையாகப் பெயருக்கு முன்னால் புது ஊரின் பெயரைப் போட வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றதில் கை வைக்க வேண்டும், இதுவும் சுகிர்தாவின் சட்டம்தான், எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். தமயந்தி கையை வைக்கப்போகிற நேரத்தில் டாக்டர் கதவோரம் தலையை நீட்டினார். "காலையிலேயே ஒரு பி நெகட்டிவ் கேட்டிருக்காங்க தமயந்திம்மா, டெலிவரி கேஸ், லிஸ்ட்ல எத்தனை பேர் வருதுன்னு பாத்துச் சொல்லுங்க." பார்த்தாள். அசல் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். மொத்த லிஸ்ட் நாற்பத்து மூன்று பேர், அதில் பி நெகட்டிவ் மூன்றே மூன்று, ஒருத்தர் சிவகாசி, ஒருத்தர் நத்தம், ஒருத்தர் போனையே எடுக்க மாட்டார் என்று பெயர் வாங்கியவர். "மூணு டாக்டர்" என்றாள். டெலிவரி கேஸ் என்ற வார்த்தை காதிலேயே நின்றது, அந்த நினைப்போடு வேலைக்குத் திரும்பினாள். மேலே இரண்டு தலைப்பும் நீளமான பெயர், இடம் பத்தாமல் பாதியிலேயே வெட்டி 'ரத்ததானம்_மதுரை_முழு...' என்று ஒன்று, 'ரத்ததானம்_மதுரை_முழு...' என்று இன்னொன்று. வால்பக்கம் இருக்கிற 'காப்பி' என்ற சொல் வெளியே தெரியவில்லை. அதைக் கவனிக்கவில்லை அவள். குப்பையைத் தேடினாள். கீழ் மூலையில், யார் கண்ணிலும் படாதபடி மறைத்து வைத்த ஒரு டேபிள், தலைப்பு 'பழசு'. டாக்டர் சொன்னதும் அதைத்தானே. எந்த ரிப்போர்ட்டிலும் காட்டுவதில்லை, ஒரு மெல்லிய கோடு மட்டும் ரத்தம் கொடுப்பவர்கள் டேபிளுக்குப் போயிற்று. சுகிர்தாவும் குப்பை சேர்ப்பாள் போல, என்று ஒரு குரூர சந்தோஷம்கூட வந்தது. திறந்து பார்க்கவில்லை. அழித்தாள். நிச்சயமா என்று கேட்டது, நிச்சயம் என்றாள். சேவ் செய்தாள்.

பத்து முப்பத்தேழுக்கு மாரீஸ்வரி கண்ணாடியைத் தட்டினாள். "தமயந்திக்கா, பதினோரு மணிக்கு வரப்போற லிஸ்ட் என்ன பெருசா இருக்கு? அறுவத்தோரு பேரு காட்டுது, இப்பதான் நாப்பத்து மூணு இருந்துச்சு." அறுபத்தொன்று எப்படி வரும் என்று கேட்டுக்கொண்டே தலைப்பின்மேல் மவுஸை வைத்தாள், முழுப் பெயரும் கீழே விரிந்தது, ரத்ததானம்_மதுரை_முழுமாடல், அவ்வளவுதான், வால் இல்லை, காப்பி இல்லை. அசல். அசலில் கையை வைத்திருக்கிறாள். தமயந்திக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அதுதான், நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த சாஃப்ட்வேரில் ஒரு சனியன் உண்டு, சேவ் செய்துவிட்டால் செய்ததுதான், பின்னுக்குப் போக வழியில்லை. பதினெட்டுப் பேர் கூடுதலாக வந்திருக்கிறார்கள். வரக்கூடாதவர்கள் பதினெட்டுப் பேர். யார் அவர்கள், ஏன் வரக்கூடாது, ஏதாவது நோயா, மஞ்சள் காமாலையா, எதையாவது தடுத்து வைத்திருந்ததா அந்த டேபிள், குப்பை என்று அள்ளிப் போட்டோமே கடவுளே, பதினோரு மணிக்கு இந்த லிஸ்ட் போகும், மாரீஸ்வரி அந்தக் குரலில் கூப்பிடுவாள், அவர்களும் வந்து படுப்பார்கள். டாக்டரிடம் ஓடலாமா. ஓடினால் அவர் என்ன செய்வார், சுகிர்தாவுக்குப் போன் போடுங்கள் என்பார். சுகிர்தாவுக்கா, நானா, நான்கு மாதம் கழித்து, உன் டேபிளை அழித்துவிட்டேன் என்று சொல்லவா. அப்போதுதான் உறைத்தது. நகல். நகல் எடுத்தது அழிப்பதற்கு முன்னால். பக்கத்து ஜன்னலில், யாரும் தொடாமல், அப்படியே இருக்கிறது.

'பழசு' அங்கே இருந்தது. தமயந்திக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டேபிளைத் திறந்தாள், திறந்தால்தானே எடுத்து அந்தப் பக்கம் ஒட்ட முடியும். இருநூறு வரி இருக்கும், எல்லாம் கையால் அடித்தது, நாலே பத்தி, நம்பர், எதிலிருந்து, எதுவரை, ஏன். ஒட்டுவதற்கு இரண்டு நிமிஷம் போதும், ஆனால் கண் கடைசிப் பத்தியில் மாட்டிக்கொண்டது. முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது: மில்லில் ராத்திரி ஷிஃப்ட், இரண்டு மணிக்கு முன்னால் கூப்பிடாதே, தூங்குவார். அடுத்தது: நோன்பு மாதம் முழுக்க வேண்டாம், பெருநாள் முடிந்த மறுநாள் அவரே வந்துவிடுவார். அடுத்தது: ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும், ஆனாலும் கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது, வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்காதே. தமயந்தி சிரித்துவிட்டாள், அந்த ஆளைத் தெரியும், ஒத்தக்கடைக்காரர், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆஞ்சநேயரைக் கூப்பிடுவார். அடுத்தது: இவர் கொடுத்திருப்பது மனைவியின் நம்பர், மனைவி இறந்துவிட்டார், போனை இவர் அணைக்காமல் வைத்திருக்கிறார், அந்த நம்பருக்குக் கூப்பிடாதே. சிரிப்பு நின்றுவிட்டது. இன்றைய தேதி போட்ட ஒரு வரி: ஆகஸ்ட் ஆறு ஒருநாள் மட்டும், வருஷா வருஷம், மகன் ஆக்சிடென்ட் ஆன நாள், அன்றைக்கு ரத்தம் கிடைக்கவில்லை, அதனால்தான் நம்மிடம் பெயர் கொடுத்தார். நல்ல வேளை, நல்ல வேளை, இன்றைக்குப் பதினோரு மணிக்கு அந்த மனுஷனுக்குப் போன் போயிருக்கும், ரத்தம் வேண்டும் வருவீர்களா என்று. இப்படி இருநூறு பேர். யார் சொன்னார்கள் இவளுக்கு இதையெல்லாம், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், கொடுத்துவிட்டு ஜூஸ் குடிக்கிற பத்து நிமிஷத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து காதில் வாங்கியிருக்கிறாள். வாங்கியதை யாரிடமும் சொல்லாமல், போன் பேசுகிற பெண்கள்கூடப் படித்துவிடக்கூடாதென்று மறைத்து, யாரும் திறக்க ஆசைப்படாத பெயராகப் பார்த்து 'பழசு' என்று வைத்திருக்கிறாள். என்ன மனுஷிடி நீ. தமயந்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் என்னத்தைப் பார்த்தேன்.

அள்ளிக் கொண்டுபோய் அசலில் ஒட்டினாள். ஒட்டியபின் வரி வரியாய்ச் சரிபார்க்க வேண்டும், அதைச் செய்துகொண்டே போனபோதுதான், நூற்றுச் சொச்சமாவது வரியில், அந்த நம்பர் வந்தது. எழுபத்தேழு. இங்கே வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் ஆரம்பத்திலேயே கொடுத்தவை நூறுக்கு உட்பட்ட நம்பர்கள், எழுபத்தேழு அவளுடையது. எதிலிருந்து என்ற இடத்தில் ஒரு தேதி. எந்தத் தேதி என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை, லீவு முடிந்து வந்த நாள், சால்வை நாள். எதுவரை என்ற இடம் காலி. ஏன் என்ற இடத்தில் நோயென்று இல்லை, ஆகாதென்று இல்லை, குழந்தை என்ற சொல்கூட இல்லை. அவளே வந்து சொல்கிற வரைக்கும், என்று மட்டும் இருந்தது. தமயந்தி அதை மறுபடி படித்தாள். மறுபடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றுகிற சத்தம், சிக்னலில் வண்டிகள் கிளம்புகிற சத்தம், இதற்குள்ளே எங்கேயோ குழாயைத் திறந்துவிட்ட சத்தம். பார்த்திருக்கிறாள். அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, அன்றைக்குச் சாயங்காலமே இங்கே வந்து இந்த ஒரு வரியை அடித்துவிட்டு, இவள் சொல்லட்டும் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறாள், ஒன்றரை வருஷம், இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும். ஏதாச்சும் சொல்லணுமா தமயந்தி. அதைத்தான் கேட்டிருக்கிறாள். ஒண்ணுமில்ல என்றேனே, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு ஒண்ணுமில்ல என்றேனே சண்டாளி.

கோட்டை இழுத்து மாட்டினாள். சேவ். அறுபத்தொன்று போய் நாற்பத்து மூன்று வந்தது. மணி பத்து ஐம்பத்து மூன்று. மூச்சு விடலாம். முதலில் நகலின் பெயருக்கு முன்னால் 'தேனி' என்று போட்டாள், போட்டதும் வாய்விட்டுப் படித்தும் பார்த்தாள். தேனிக்கு இந்தப் பெயர்கள் வேண்டாம், இவர்களின் துக்கம் அங்கே போகக்கூடாது, ஆனால் டேபிள் போக வேண்டும், காலியாகவாவது போக வேண்டும், நாலு பத்தியும், அந்தக் கோடும். தேனிக்காரர்களுக்கும் மகன்கள் உண்டு, ராத்திரி ஷிஃப்ட் உண்டு. டாக்டர் கேட்டால் குப்பையில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மேலே குறிப்பு எழுதுகிற இடத்தில், இந்த மாடலைச் செய்தவர் சுகிர்தா, நகல் எடுத்தது மட்டும்தான் நான் என்று எழுதினாள். பத்து ஐம்பத்தேழு. அப்புறம் அசலுக்குப் போனாள், தலைப்பில் மவுஸை வைத்து வால் இல்லை என்று இரண்டு தடவை பார்த்தாள், இந்த முறை அசலில்தான் கை வைக்க வேண்டும். 'பழசு' டேபிளைத் திறந்தாள். எழுபத்தேழாம் நம்பர் வரியில் போய் நின்றாள். பிள்ளையைத் தாங்காத ரத்தமாவது ஒன்றாவது, அங்கே ஒரு பிரசவக் கட்டிலில் ஒருத்தி கிடக்கிறாள். அந்த ஒரு வரியை அழித்தாள். நிச்சயமா என்று கேட்டது. கேட்டது மிஷின்தான், ஆனாலும் தலையை ஆட்டினாள். நாற்பத்து மூன்று நாற்பத்து நான்காயிற்று.

பதினோரு மணி. அந்தப் பக்கம் நாலு குரலும் ஒன்றாய்த் தொடங்கின, வணக்கம், வணக்கம், வணக்கங்க என்று. மாரீஸ்வரி முதுகைக் காட்டி உட்கார்ந்து, டெலிவரி கேஸ் அவசரத்தில் பெயரைப் பார்க்காமல் போன் நம்பரை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே வந்தாள், முதலில் பி நெகட்டிவ். சிவகாசிக்காரர் ஊரில் இல்லை. நத்தத்துக்காரர் மத்தியானம் வருகிறேன் என்றார் போல. மூன்றாமவர் வழக்கம்போல எடுக்கவில்லை. தமயந்தியின் மேஜையில் செல்போன் அதிர்ந்தது. "வணக்கங்க, ரத்த வங்கியிலருந்து பேசறோம், பி நெகட்டிவ் அவசரமா ஒரு டெலிவரி கேஸுக்கு வேணும்ங்க, இன்னைக்கு வர முடியுங்களா?" அந்தக் குரல் கண்ணாடி வழியாகவும் வந்தது, காதிலும் வந்தது. "வர்றேன்" என்றாள் தமயந்தி. "ரொம்ப சந்தோஷம்ங்க. எவ்வளவு நேரமாகும், எங்கருந்து வரணும்?" "உனக்குப் பின்னாலருந்துதான் வரணும் மாரீஸ்வரி." மாரீஸ்வரி நாற்காலியோடு திரும்பினாள், போன் காதிலேயே இருக்க, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள், பிறகு ஏனென்று தெரியாமலே சிரித்தாள்.

இருபது அடிதான். விரலில் குத்திப் பார்த்தார்கள், பதின்மூன்று இருந்தது, போதும். கட்டிலில் படுத்து இடது கையை நீட்டினாள், ஊசி போகும்போது வழக்கம்போலச் சுருக்கென்றது, குழாயில் சிவப்பாய் ஓடத் தொடங்கியது, நல்ல சிவப்பு, கண்ணை எடுக்காமல் அதையே பார்த்தாள், அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பந்தை அமுக்கி அமுக்கி விடுங்க அக்கா என்றாள் நர்ஸ். வலது கை சும்மாதானே இருக்கிறது. போனை எடுத்துப் பெயரைத் தேடினாள், நாலு மாதமாய்த் தொடாத பெயர். ராஞ்சியில் இப்போது மழையோ என்னவோ. மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "தமயந்தி? என்ன, சொல்லு" என்றாள் சுகிர்தா, அதே பழைய குரலில், நேற்றுத்தான் பேசி வைத்தது போல. தமயந்தி பந்தை ஒருமுறை அமுக்கினாள்.

"அந்தப் புரட்டாசியில எனக்கு டைஃபாய்டு இல்ல சுகிர்தா" என்றாள்.